புதுமடைச் சந்தையைக் காத்த கதை

காசிநாதன் தாம் ஒரு பழமைவாதி என்பதை ஐம்பத்து மூன்றாவது வயதில்தான் தெரிந்துகொண்டார். அதுவரை கரும்பு விவசாயி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

கண்டுபிடித்துச் சொன்னது மகள் இசைவாணி. கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் அரசியல் அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறவள். சமையல்கட்டுச் சுவரை இடித்துவிட்டு மேடை கட்டி, டைல்ஸ் ஒட்டி, எல்லாவற்றையும் புதிதாக்கிவிடலாம் என்று அவள் ஒரு யோசனை சொன்னாள். காசிநாதன் அதை மறுக்கவில்லை. அங்கே நின்று சமைக்கிறவள் உன் அம்மா, அவளுக்கு அங்கே என்ன இடைஞ்சல் என்று முதலில் கேட்போம் என்றார். அம்மாவைக் கேட்டார்கள். புகை போக ஒரு ஜன்னல் இருந்தால் போதும் என்றாள். ஜன்னல் வைத்தார்கள். சுவர் அப்படியே நின்றது. இசைவாணி பெருமூச்சு விட்டு, "அப்பா, நீ ஒரு கன்சர்வேட்டிவ்ப்பா" என்றாள்.

ரத்தப் பரிசோதனையில் தெரிகிற விஷயமா அது என்று கேட்டார் காசிநாதன். இல்லை, அது ஓர் அரசியல் கொள்கை, பழசு பழசாகவே இருக்க வேண்டும் என்கிற கொள்கை என்றாள் அவள். காசிநாதன் இரண்டு நாள் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டே அதைப் பற்றி யோசித்தார். மூன்றாம் நாள் மகளிடம், "எல்லாப் பழசும் இல்ல. நல்லா ஓடிக்கினு இருக்கறத ஏன் நிறுத்தணும்னுதான் கேக்கறேன்" என்றார். அதற்கும் அதே பேர்தான் என்றாள் மகள். வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று காசிநாதனுக்குப் பட்டது.

அவர் அப்படி நல்லா ஓடிக்கொண்டிருப்பதாகச் சொன்னது முக்கியமாகப் புதுமடைச் சந்தையைத்தான். கல்வராயன் மலையின் அடிவாரத்தில் எங்கள் ஊர் புதுமடை. வியாழக்கிழமைதோறும் கரியாலூர்ப் பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து சாமை, புளி, கடுக்காய், தேன், பலாக் காலத்தில் பலா எல்லாம் இறங்கும். சமவெளியிலிருந்து அரிசி, வெங்காயம், துணி, பாத்திரம் வரும். கிழக்கு ஓரத்துப் புளியமர நிழல் மலைக்காரர்களுக்கு. காலை பத்து மணிவரை அவர்கள் விற்பனைதான் முதலில். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் யாரும் மீறினதும் இல்லை. இடத்தகராறு வந்தால் காசிநாதனைக் கூப்பிடுவார்கள். அவருக்கு முன்னால் அவருடைய மாமா பார்த்தார். பதவி என்று ஒன்றும் கிடையாது. கூப்பிட்டால் போவார், அவ்வளவுதான்.

மலையிலிருந்து வருகிற அம்மாசியும் காசிநாதனும் அந்தச் சந்தையில்தான் சிநேகிதம் ஆனார்கள். முப்பது வருஷம் ஆகிறது. இவர் மனைவிக்குப் பிரசவம் என்றபோது மலைத்தேன் வந்தது. அம்மாசி மகன் தியாகதுருகத்தில் பாலிடெக்னிக் படித்த மூன்று வருஷமும் இவர் வீட்டில்தான் சாப்பாடு. இரண்டு பேரும் இதை ஒரு காரியமாகப் பேசிக்கொண்டதே கிடையாது.

இந்த நிலையில்தான் சந்தைத் திடலைப் பேருந்து நிலையத்துக்கு எடுக்கப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் எடுக்கிறார்கள், எப்போது எடுக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டு தடவை ஆட்கள் வந்து நாடா பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். அந்த வாரம்தான் காசிநாதன் கள்ளக்குறிச்சியில் சுவர் முழுக்க ஒரு போஸ்டர் பார்த்தார். தொன்மைக் காப்புப் பேரவை. கீழே பெரிய எழுத்தில்: எதையும் மாற்ற விடமாட்டோம்.

பேரவையின் அலுவலகம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. காசிநாதன் போனபோது வாசலில் ஒருவர் ஏணியில் நின்று பெயர்ப்பலகைக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். பேரவை தொடங்கி நான்கு மாதத்தில் அது ஐந்தாவது முறை. சின்னம் மாறியது, பிறகு நிறம் மாறியது, பிறகு முழக்கத்தில் ஒரு சொல் மாறியது, அதன் பிறகு ஜோசியர் ஓர் எழுத்தைக் கூட்டச் சொன்னார். இப்போது அந்த எழுத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

உறுப்பினராக ஒரு நேர்காணல் உண்டு என்றார்கள். நடத்தியவர் கவியரசன். பேரவையின் பயிற்சிச் செயலாளர், முப்பது வயதுக்குள் இருக்கும், பெங்களூரில் மேலாண்மை படித்தவர். கையில் டேப்லெட் வைத்திருந்தார். தாங்கள் எதைப் பாதுகாக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். காசிநாதன் சந்தையைச் சொன்னார். ஏரித் தண்ணீரைக் கடைமடை முதல் முறைவைத்துப் பாய்ச்சுவதைச் சொன்னார். எதை மாற்றுவதானாலும் அதில் உட்கார்ந்திருக்கிறவர்களைக் கேட்டுவிட்டுத்தான் மாற்றுவோம் என்பதைச் சொன்னார். சந்தைக்குச் சிமென்ட் மேடை போட வந்தபோது நான்கு வாரம் ஒவ்வொருவராகக் கேட்டோம், மலைக்காரர்கள் தரையே சௌகரியம் என்றார்கள், அந்தப் பக்கம் மட்டும் மேடை போடாமல் விட்டோம் என்று விளக்கினார்.

கவியரசன் டேப்லெட்டில் மேலும் கீழும் தேடினார். இதெல்லாம் பாடத்திட்டத்தில் இல்லை என்றார். பிறகு அவரே உதவிக்கு ஒரு கேள்வி கேட்டார். தங்கள் தாத்தா காலத்தில் சந்தையில் யார் யார் எங்கெங்கே நின்றார்கள்?

காசிநாதன் உள்ளதைச் சொன்னார். தாத்தா காலத்தில் கீழத்தெரு ஆட்களைச் சந்தைக்குள் விடமாட்டார்கள். வெளியே சாலையில் நிற்கவைத்துத்தான் சாமான் கொடுப்பார்கள். அப்பா காலத்தில் அது போய்விட்டது.

"ஏன் வுட்டீங்க?" என்றார் கவியரசன்.

"அது பழசுதாங்க. ஆனா அசிங்கம். போனதுல ஒருத்தருக்கும் வருத்தம் இல்ல."

கவியரசன் வருத்தத்தோடு இரண்டு மதிப்பெண் குறைத்துக்கொண்டார். மரபைக் கைவிட்ட வரலாறு உண்டு என்று குறிப்பு எழுதினார். இருந்தாலும் ஊரில் செல்வாக்கு உள்ளவர் என்பதால் நிபந்தனையோடு சேர்த்துக்கொள்வதாகவும், ஐந்து நாள் பயிற்சி முகாமுக்கு வரவேண்டும் என்றும் சொன்னார்.

முகாம் அதே மண்டபத்தில், ஏ.சி. போட்டு நடந்தது. முதல் நாள் தரையில் சம்மணம் போட்டு உட்காருவது எப்படி என்று திரையில் படம் காட்டி விளக்கினார்கள். விளக்கியவருக்கு முழங்கால் வலி இருந்ததால் நாற்காலியில் உட்கார்ந்து விளக்கினார். இரண்டாம் நாள் வேட்டி கட்டுவது. எல்லோருக்கும் ஒட்டிக்கொள்கிற வேட்டி கொடுத்தார்கள். காசிநாதன் தாம் கட்டிவந்த வேட்டியே இருக்கிறது என்றார். அது சீருடையில் சேராது என்று மாற்றச் சொன்னார்கள். மூன்றாம் நாள் வாழை இலையில் சாப்பிடும் தேர்வு. காசிநாதன் பிறந்ததிலிருந்து இலையில் சாப்பிட்டவர், பசி வேறு, பாயசம் வருவதற்குள் எழுந்துவிட்டார். தோல்வி. நான்காம் நாள் மறுதேர்வு. ஐந்தாம் நாள் மாவட்ட அமைப்பாளர் ஜெயப்பிரகாஷ் சான்றிதழ் கொடுத்துப் பேசினார்.

ஜெயப்பிரகாஷ்தான் அந்த மண்டபத்தின் உரிமையாளர். கள்ளக்குறிச்சியைச் சுற்றிப் பல மனைப்பிரிவுகள் போட்டவர். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உருக்கமாகப் பேசுவார்.

"நான் நாலு கட்சியில இருந்தவன்னு சில பேர் பேசிக்கினு இருக்காங்க. உண்மைதான். கட்சிங்கதான் மாறுச்சு, நான் மாறல. நாலு கட்சியிலயும் மேடையில முதல் வரிசை, வலது பக்கத்து நாற்காலி. இன்னிக்கும் அதே நாற்காலி. இதுக்குப் பேருதான் நிலைத்தன்மை. பழமைன்னா இன்னா? நேத்து யாருகிட்ட இருந்துச்சோ, அது நாளைக்கும் அவங்ககிட்டயே இருக்கணும். அவ்ளோதான் நம்ம கொள்கை. மத்ததெல்லாம் அலங்காரம்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. காசிநாதனும் தட்டினார். நேற்று மலைக்காரர்களிடம் இருந்த புளியமர நிழல் நாளைக்கும் அவர்களிடமே இருக்கும் என்று அவருக்குப் புரிந்திருந்தது.

கூட்டம் முடிந்ததும் சந்தை விஷயத்தைச் சொன்னார். ஜெயப்பிரகாஷ் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, உங்களை மாதிரி ஆட்களுக்காகத்தான் பேரவையே இருக்கிறது என்றார். கண்கூடக் கொஞ்சம் கலங்கியது. ஒரு வாரத்தில் தீர்மானம் தயாரானது. 'புதுமடைச் சந்தையை அதன் தொன்மை மாறாமல் பாதுகாக்க இப்பேரவை உறுதியேற்கிறது.' ஊர்க்காரர் ஒருவர் முன்மொழிந்தால்தான் மரியாதை என்றார்கள். காசிநாதன் அந்த ஒரு வரியை இரண்டு முறை படித்தார். பின்னால் ஆறு பக்கம் இணைப்பு இருந்தது. அது நடைமுறை விவரம் என்றார் கவியரசன். காசிநாதன் கையெழுத்துப் போட்டார். மூன்று வருஷமாக அவ்வளவு அழகாகக் கையெழுத்துப் போட்டதில்லை என்று பிறகு மனைவியிடம் சொன்னார்.

அந்த வியாழக்கிழமை அம்மாசியிடம், இனிமேல் சந்தையை ஒருத்தனும் அசைக்க முடியாது என்று சொன்னார். யார் காப்பாற்றிக் கொடுத்தது என்று அம்மாசி கேட்டான். நான் ஒரு கட்சியில் சேர்ந்திருக்கிறேன் என்றார். அம்மாசி சிரித்துவிட்டு, மதியத்துக்குமேல் மழை வரும்போல இருக்கிறது என்று புளியை மூடப் போனான்.

இரண்டு வாரம் வேலை நடந்தது. தீர்மானத்தைக் காட்டித் திடலைச் சுற்றித் தட்டி அடைத்தார்கள். கருங்கல்போல வண்ணம் பூசிய ஃபைபர் வளைவு ஒன்று சேலத்திலிருந்து லாரியில் வந்தது. வளைவு நுழைய இடைஞ்சலாக இருந்தது என்று கிழக்கோரப் புளியமரங்களில் இரண்டை வெட்டினார்கள். காசிநாதன் ஓடிப்போய்க் கேட்டார். மரம் இருந்த இடத்தில் மரத்தின் ஓவியம் வரப்போகிறது, அது பட்டுப்போகாது என்றார் கவியரசன். காசிநாதன் மிச்ச மரங்களை எண்ணிப் பார்த்தார். சந்தை பிழைத்தால் போதும் என்று வீட்டுக்கு வந்துவிட்டார்.

திறப்பு விழா ஒரு வியாழக்கிழமை. காசிநாதனுக்கு நெஞ்சின் குறுக்கே ஒரு மஞ்சள் பட்டை போட்டு, அதில் 'சந்தைக் காவலர்' என்று அச்சடித்து, வாசலில் நிறுத்தியிருந்தார்கள். வழக்கம்போல ஆறரை மணிக்கு மலையிலிருந்து பிக்கப் வண்டி வந்தது. அம்மாசி, அவன் மனைவி பச்சையம்மாள், இன்னும் இருபது பேர், மூட்டைகள். வாசல் பூட்டியிருந்தது. விருந்தினர்கள் வந்த பிறகு பத்து மணிக்குத்தான் திறக்கும் என்றார்கள். பத்து மணிவரை மலைக்காரர் விற்பனைதான் முதலில் என்பது இங்கே வழக்கம் என்றார் காசிநாதன். அது மாறவில்லை, மலைக்காரர்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள் என்றார் கவியரசன்.

காசிநாதன் தட்டியின் சந்து வழியாக உள்ளே பார்த்தார். புளியமர ஓவியத்தின் அடியில் பன்னிரண்டு பேர் இடுப்பில் தழை கட்டிக்கொண்டு, முகத்தில் கரிபூசி, கையில் மூங்கில் வில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திருக்கோவிலூரிலிருந்து வந்த நாடகக் குழு. அவர்களில் ஒருவர், முறத்தை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், தட்டிக்கு இந்தப் பக்கம் நின்ற பச்சையம்மாளைக் கேட்டார். அவள் சந்து வழியாகவே கையை அசைத்துப் புடைத்துக் காட்டினாள்.

காசிநாதன் கவியரசனை ஓரமாகக் கூட்டிப்போனார். நூறு வருஷமாக வருகிறவர்களை வெளியே நிறுத்தினால் எப்படி என்றார். கவியரசன் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார்.

"சார், ஜனங்க ஒரிஜினலைப் பாக்க வர்றாங்க. அதோ நிக்கறவரு பேண்ட் போட்டிருக்காரு, பாக்கெட்ல ரெண்டு சிம் போன் வெச்சிருக்காரு. இவங்கள உள்ள வுட்டா பழமை கெட்டுடும். மலைவாழ் மக்களுக்கு நேரடி அனுமதி இல்லன்னு தீர்மானத்துலயே இருக்கு, இணைப்பு நாலு. நீங்கதானே முன்மொழிஞ்சீங்க."

தாளை எடுத்து நீட்டினார். காசிநாதன் கை நீட்டுவதற்குள் பக்கத்தில் வந்து நின்ற அம்மாசி அதை வாங்கிக்கொண்டான். நிதானமாகப் படித்தான். கடைசி வரியை மட்டும் வாய்விட்டுப் படித்தான். "முன்மொழிந்தவர், புதுமடை காசிநாதன்." பிறகு நிமிர்ந்து, "இது நீயா?" என்றான்.

காசிநாதன் ஆமாம் என்றார். பின்னால் இருந்த தாளைப் படிக்கவில்லை என்றார். அம்மாசி தாளை நான்காக மடித்துக் கவியரசனிடமே கொடுத்தான். இருபத்திரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள். பிக்கப் வண்டி வளைவுக்கு வெளியே திரும்ப இடமில்லாமல் வெகுதூரம் பின்னாலேயே போய்த் திரும்பியது.

காசிநாதன் பட்டையோடு மேடைக்குப் போனார். ஜெயப்பிரகாஷ் முதல் வரிசையில், வலது பக்கத்து நாற்காலியில் இருந்தார். மலைக்காரர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று காசிநாதன் அவர் காதில் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது. ஜெயப்பிரகாஷ் அவர் தோளில் கைபோட்டு அருகே இழுத்துக்கொண்டார். அப்போது ஒருவர் படம் எடுத்தார்.

"மலை ஜனங்க நம்ம கண்ணு காசிநாதன். கண்ணை எவனாவது சந்தையில கொண்டாந்து வெப்பானா? தூசி படும். எடுத்த எடத்துலயே பத்திரமா வெக்கணும்."

மறுநாள் செய்தித்தாளில் அந்தப் படம் வந்தது. 'சந்தை மீட்பில் கண்ணீர் மல்கிய விவசாயி' என்று கீழே போட்டிருந்தார்கள்.

காசிநாதன் விலகல் கடிதம் எழுதினார். இசைவாணி பிழை திருத்திக் கொடுத்தாள். பத்து நாளில் பதில் வந்தது. பேரவையின் உறுப்பினர் பதவி பரம்பரைப் பதவி என்றும், விலகும் வழக்கம் நம் மரபில் இல்லை என்றும், தங்களுக்குப் பிறகு அது தங்கள் மகளைச் சேரும் என்பதால் அவருடைய பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு அனுப்பவேண்டும் என்றும் எழுதியிருந்தது. இசைவாணி வாய்விட்டுப் படித்துச் சிரித்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். நீதான் எனக்கு அந்தப் பேர் வைத்தாய் என்று அவர் சொல்லவில்லை. நான் சேரச் சொல்லவில்லையே என்று அவளும் சொல்லவில்லை. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு அவருக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

தொன்மைச் சந்தை மூன்று வியாழன் நடந்தது. முதல் வாரம் படம் எடுத்துக்கொள்ளக் கூட்டம் வந்தது. வந்தவர்கள் சாமை கேட்டார்கள். அது காட்சிக்கு மட்டும் என்றார்கள். இரண்டாம் வாரம் வெங்காயக்காரர்களும் துணிக்காரர்களும் விற்பனை இல்லை என்று கச்சிராயபாளையம் சாலையோரத்துக்குப் போய்விட்டார்கள். மூன்றாம் வாரம் நாடகக் குழுவுக்கு வேறு ஊரில் திருவிழா. திடலில் ஓவியம் மட்டும் இருந்தது. நான்காம் வாரம் வாசலில் பூட்டுத் தொங்கியது.

இரண்டு மாதம் கழித்து ஜெயப்பிரகாஷ் ஐந்தாவது கட்சிக்குப் போனார். பேரவை தனியாக எங்கும் போகவில்லை. பெயர்ப்பலகைக்கு மட்டும் மறுபடி வண்ணம் அடித்தார்கள். இப்போது அது புதுயுக வளர்ச்சிப் பேரவை. அதே மண்டபம், அதே கவியரசன், அதே டேப்லெட். புதுமடைத் திடலில் பேருந்து நிலையமும் அதன்மேல் வணிக வளாகமும் வரப்போவதாகவும், வளாகத்தைக் கட்டுகிறவர் ஜெயப்பிரகாஷின் மைத்துனர் என்றும் தெரிந்தது. அடிக்கல் நாட்டு விழாவில் ஜெயப்பிரகாஷ், மாற்றத்துக்கு மாறிக்கொள்வதே நம் முன்னோர் காட்டிய மரபு என்று பேசினார். காசிநாதனின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: வாழ்த்துகள், இன்று முதல் நீங்கள் ஒரு முற்போக்காளர்.

அடுத்த வியாழக்கிழமை காலை அவர் வெள்ளிமலை பஸ் ஏறினார்.

அம்மாசியின் ஊருக்கு மலையில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். வீட்டு வாசலில் ஆத்தூர் வியாபாரி ஒருவரின் மினி லாரி நின்றது. புளிமூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இப்போது வாரம் ஒரு நாள் அவரே மலையேறி வந்து எடுத்துக்கொள்கிறார். விலை கம்மிதான், அலைச்சல் இல்லை என்றாள் பச்சையம்மாள். தண்ணீர் கொடுத்தாள். மரவள்ளிக் கிழங்கு அவித்திருந்தாள், அதையும் கொடுத்தாள். மகள் படிப்பை விசாரித்தாள். எல்லாம் முறையாகத்தான் இருந்தது.

காசிநாதன் அம்மாசியிடம் நடந்ததையெல்லாம் சொன்னார். நேர்காணல், முகாம், இணைப்பு, விலகல் கடிதம். தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றார். கோர்ட்டுக்குப் போகலாம், ஊரைக் கூட்டலாம், சந்தையை வேறு இடத்தில் நாமே போடலாம், நீங்கள் எல்லாரும் இறங்கி வரவேண்டும் என்றார். அம்மாசி மூட்டை வாயைத் தைத்துக்கொண்டே கேட்டான். தைத்து முடித்து நூலை அறுத்த பிறகுதான் பேசினான்.

"அவங்க உன்ன ஏமாத்துனாங்க, சரி. அவங்க அப்டிதான். சந்த போனதுகூட பெருசில்ல காசி, வேற சந்த பாத்துக்கலாம். சிமென்ட் மேடைக்கி நாலு வாரம் எங்களக் கேட்டுக்கினு இருந்தவன் நீ. சந்தையையே எழுதிக் குடுக்கறப்ப ஒரு வார்த்த கேக்கல."

உங்களுக்கு நல்லது என்று நினைத்துத்தான் போட்டேன் என்றார் காசிநாதன்.

"அவனுங்களும் அப்டிதான் சொல்றானுங்க" என்றான் அம்மாசி.

அதில் கோபம் இல்லை. காசிநாதனுக்கு அந்தக் கையெழுத்தை அழகாகப் போட்டது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அம்மாசியையோ பச்சையம்மாளையோ கேட்கவேண்டும் என்று மனதின் எந்த மூலையிலும் தோன்றவில்லை என்பதை, அந்த வாசலில் நின்றுதான் முதன்முதலாக யோசித்தார். ஒரு மேடையில் தம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் தம் வழக்கமே தமக்கு மறந்துபோயிருந்தது.

கடைசி மூட்டை மிச்சம் இருந்தது. அம்மாசி ஒரு முனையைப் பிடித்தான். காசிநாதன் குனிந்து மறுமுனையைப் பிடிக்கப் போனார்.

"வுடு. டிரைவர் புடிப்பாரு" என்றான் அம்மாசி.

டிரைவர் வந்து பிடித்தார். மூட்டை ஏறியது. பின்கதவைச் சாத்திக் கொக்கி போட்டார்கள். வண்டி திரும்ப இடம் வேண்டும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க பெரியவரே என்று டிரைவர் சொன்னார். காசிநாதன் வேலியோரம் தள்ளி நின்றார்.